மெஷின்களை நெட்வொர்க்கில் இணைக்க எந்த வழி? ஒரு நடுத்தர ஆலைக்கான ஒப்பீடு

கோவை கணபதியிலோ குறிச்சி சிட்கோவிலோ ஓசூரிலோ முப்பது, நாற்பது சிஎன்சி மெஷின்கள் (கம்ப்யூட்டர் கட்டளைப்படி உலோகத்தை வெட்டும் மெஷின்கள்) ஓடும் ஓர் ஆட்டோ பாகங்கள் ஆலையை எடுத்துக்கொள்வோம். வண்டி கம்பெனிக்கு நேரடியாகவோ, அதற்கு சப்ளை செய்யும் பெரிய கம்பெனிக்கோ பாகம் போகிறது. எந்த மெஷினில் எந்த லாட் எப்போது ஓடியது என்று கேட்டவுடன் காட்ட வேண்டும் என்கிறார் கஸ்டமர். மெஷின் எத்தனை மணி நேரம் சும்மா நிற்கிறது என்று போனிலேயே பார்க்க முதலாளிக்கும் ஆசை. ஷிப்ட் முடிவில் சூப்பர்வைசர் எழுதிவைக்கும் லாக் புக்கை அவர் நம்புவதை நிறுத்திப் பல வருஷம் ஆகிறது. ஆக, இணைப்பதா வேண்டாமா என்ற விவாதம் பெரும்பாலான இடங்களில் முடிந்துவிட்டது. எப்படி இணைப்பது என்பதுதான் பாக்கி.

நடைமுறையில் நான்கு வழிகள் இருக்கின்றன. மெஷின்களைத் தனியாகவே விட்டு பென்டிரைவில் டேட்டா எடுப்பது ஒன்று. ஆபீஸ் கம்ப்யூட்டர்களை இணைக்கும் நெட்வொர்க்கிலேயே, அதாவது ஆபீஸ் லேனிலேயே, மெஷினையும் செருகிவிடுவது இன்னொன்று. மெஷின் விற்றவரோ மென்பொருள் கம்பெனியோ தரும் சிம் போட்ட கேட்வே பெட்டியை மாட்டி நேரே கிளவுடுக்கு அனுப்புவது மூன்றாவது. ஷாப் ஃப்ளோருக்குத் தனி நெட்வொர்க் போட்டு, நடுவில் ஃபயர்வாலும் (எந்த இணைப்பு போகலாம், எது கூடாது என்று தடுக்கும் கருவி) ஒரு கம்ப்யூட்டரும் வைத்து, டேட்டாவை மட்டும் வெளியே எடுப்பது நான்காவது. விற்க வருபவர்கள் இவற்றை விலை, வசதி, டாஷ்போர்டின் அழகு என்று ஒப்பிட்டுக் காட்டுவார்கள். நான் ஒரே கேள்வியை வைத்து ஒப்பிடுகிறேன்: டேட்டா வெளியே போகும் அந்த வழியாக யார் யார் உள்ளே வர முடியும்?

இதைக் கேட்கக் காரணம் இருக்கிறது. ஷாப் ஃப்ளோரில் இருக்கும் கன்ட்ரோலர்கள் பெரும்பாலும் யாரையும் சந்தேகிக்கத் தெரியாதவை. கருவிகள் ஒன்றோடொன்று பேசும் மொழியான மோட்பஸ் நெறிமுறையை மோடிகான் கம்பெனி கொண்டுவந்தது 1979இல். எனர்ஜி மீட்டர் முதல் மெஷினை இயக்கும் சின்ன கம்ப்யூட்டரான பிஎல்சி வரை இன்றைக்கும் நிறைய கருவிகள் அதில்தான் பேசுகின்றன. பாஸ்வேர்டு என்ற சங்கதியே அதில் கிடையாது. நெட்வொர்க்கில் அதன் வாசலான 502ஆம் போர்ட்டுக்கு வந்து 'இந்த மதிப்பை மாற்று' என்று யார் சொன்னாலும் மாற்றிவிடும். சிஎன்சிகளில் இருக்கும் ஃபானுக் கம்பெனியின் கன்ட்ரோலரிலிருந்து பார்ட் கவுன்ட், ஸ்பிண்டில் லோடு எடுக்க உதவும் ஃபோகாஸ் லைப்ரரியும் படிக்க மட்டும் ஆனதில்லை. அதே இணைப்பில் டூல் ஆஃப்செட்டை (வெட்டும் டூலுக்கான அளவுத் திருத்தம்) மாற்றலாம், புரோகிராமை ஏற்றலாம், இறக்கலாம். ஆஃப்செட்டில் 50 மைக்ரான் மாறினால் மெஷின் நிற்காது, அலாரமும் அடிக்காது. இன்ஸ்பெக்‌ஷனில் பாகம் ரிஜெக்ட் ஆகும்போதுதான் தெரியும். அப்போதும் ஆபரேட்டரைத்தான் முதலில் திட்டுவார்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நம் அளவுள்ள ஆலைக்கு ஆஃப்செட்டைத் திருத்திச் சதி செய்ய ஒருவன் வருவது அபூர்வம். வரப்போவது ரான்சம்வேர். அதற்கு சிஎன்சி என்றால் என்னவென்றே தெரியாது, விண்டோஸ் தெரிந்தால் போதும். டிராயிங் இருக்கும் சர்வர், கணக்கு எழுதும் டாலி, ஆர்டரும் ஸ்டாக்கும் பார்க்கும் இஆர்பி, மெஷினுக்குப் புரோகிராம் அனுப்பும் டிஎன்சி கம்ப்யூட்டர், மெஷினில் ஆபரேட்டர் பார்க்கும் எச்எம்ஐ ஸ்கிரீனுக்குப் பின்னால் ஓடும் பழைய விண்டோஸ் எல்லாவற்றையும் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும். மெஷின் நன்றாகவே இருக்கும், ஆனால் இன்வாய்ஸ் போட முடியாது, லேபிள் அடிக்க முடியாது, லாரி கேட்டைத் தாண்டாது.

சின்ன சப்ளையருக்கு யார் வந்து இதைச் செய்வார்கள் என்று கேட்பவர்களுக்கு ஜப்பானில் ஒரு பதில் இருக்கிறது. டொயோட்டாவுக்கு பிளாஸ்டிக் பாகம் செய்துகொடுக்கும் கோஜிமா இண்டஸ்ட்ரீஸ் 2022 பிப்ரவரி 26 இரவு தன் சர்வரில் கோளாறு இருப்பதைக் கவனித்தது. அதன் துணை நிறுவனம் ஒன்று வெளி கம்பெனியோடு பேசுவதற்காக வைத்திருந்த ரிமோட் கனெக்‌ஷன் கருவியில் இருந்த ஓட்டை வழியாக ஊடுருவியிருந்தார்கள். மார்ச் 1 அன்று ஜப்பானில் டொயோட்டாவின் 14 ஆலைகளும், அவற்றின் 28 லைன்களும் நின்றன. சுமார் 13,000 வண்டிகளின் உற்பத்தி அந்த ஒரு நாளில் போயிற்று. கஸ்டமர்கள் இப்போதெல்லாம் சப்ளையர் ஆடிட்டில் நெட்வொர்க் பற்றிக் கேட்பது சும்மா இல்லை.

சரி, வழிகளுக்கு வருவோம்.

முதல் வழி, இணைக்காமலேயே இருப்பது. இதுதான் பாதுகாப்பு என்று பழைய ஆட்கள் அடித்துச் சொல்வார்கள். பாதி உண்மை. இணையத்திலிருந்து நேராக யாரும் வர முடியாது என்பது சரி. ஆனால் தனியாக நிற்கும் மெஷினுக்கும் புரோகிராம் போக வேண்டும், சர்வீஸ் இன்ஜினியரின் லேப்டாப் செருகப்பட வேண்டும். ஈரானின் நடான்ஸ் யுரேனிய ஆலையின் சென்ட்ரிஃபியூஜ்களைக் கெடுத்த ஸ்டக்ஸ்நெட் 2010இல் வெளிச்சத்துக்கு வந்தது. இணையத்தோடு தொடர்பே இல்லாத சீமென்ஸ் பிஎல்சிகளை எட்ட அது பென்டிரைவ் வழியாகவும் பரவும்படி எழுதப்பட்டிருந்தது. அது நாடுகளுக்கு இடையிலான விவகாரம், நமக்கு எதற்கு என்றால், தைவானின் டிஎஸ்எம்சியைப் பாருங்கள். மற்ற கம்பெனிகளுக்கு சிப் செய்துகொடுப்பதில் உலகிலேயே பெரிய கம்பெனி அது. 2018 ஆகஸ்டில் புதிதாக வந்த ஒரு மெஷினை வைரஸ் ஸ்கேன் செய்யாமல் நெட்வொர்க்கில் சேர்த்தார்கள். அதோடு வந்த, வானாக்ரை என்ற ரான்சம்வேர் வகை வைரஸ் ஆலை ஆலையாகப் பரவியது. அந்தக் காலாண்டு வருமானத்தில் சுமார் 3 சதவீதம் பாதிக்கும் என்று கம்பெனியே அறிவித்தது. ஹேக்கர் யாரும் குறிவைத்து வரவில்லை. புது மெஷின் அழுக்கோடு வந்தது, அவ்வளவுதான்.

நம் ஊர் ஷாப் ஃப்ளோரில் இந்த வழியின் பலவீனம் எங்கே என்று பார்க்க வேண்டுமானால் டிஎன்சி கம்ப்யூட்டர் இருக்கும் மேசைக்குப் போங்கள். கூலன்ட் பிசுக்கு ஏறிய கீபோர்டு, விண்டோஸ் எக்ஸ்பி, பக்கத்திலேயே ஒரு டப்பாவில் நாலைந்து பென்டிரைவ். எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியது 2014 ஏப்ரலில். விண்டோஸ் 7க்கு 2020 ஜனவரியில், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபரில். அந்த பென்டிரைவில் ஒன்று நேற்று ஜெராக்ஸ் கடைக்குப் போய் வந்திருக்கும். புரோகிராம் எடுத்துவரும் பையன் அதிலேயே படமும் வைத்திருப்பான்.

பத்து மெஷினுக்குள் இருக்கும் ஜாப் வொர்க் யூனிட்டுக்கு நான் இந்த வழியையே சொல்வேன், ஆனால் ஒழுங்காகச் செய்தால் மட்டும். கம்பெனி பென்டிரைவ் தவிர வேறு எதுவும் மெஷினில் ஏறக் கூடாது. ஏறுவதற்கு முன் ஸ்கேன் செய்ய ஒரு கம்ப்யூட்டர் தனியாக வேண்டும். வெளி லேப்டாப்புக்கும் அதே சட்டம். செலவு ஏறக்குறைய எதுவும் இல்லை. டேட்டா மறுநாள்தான் கிடைக்கும், கையால் எடுப்பதால் பிழையும் வரும். கஸ்டமர் உடனுக்குடன் கேட்டால் இது போதாது.

இரண்டாவது வழி, ஆபீஸ் லேனிலேயே செருகுவது. இதற்கு ஆதரவாகச் சொல்ல ஒரே ஒரு விஷயம்தான் உண்டு: அரை நாளில் வேலை முடியும். கேபிள் ஏற்கெனவே இருக்கிறது, ஸ்விட்ச்சில் காலி போர்ட் இருக்கிறது, மெஷினுக்கு ஒரு ஐபி கொடுத்தால் டாஷ்போர்டு வந்துவிடும். அதனாலேயே பெரும்பாலான ஆலைகளில் இதுதான் நடக்கிறது.

அந்த ஆபீஸ் லேனில் வேறு என்னவெல்லாம் இருக்கிறது என்று பாருங்கள். ஆடிட்டர் வீட்டிலிருந்து டாலி பார்ப்பதற்காக ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப் போர்ட் 3389 திறந்து கிடக்கும். எச்ஆர் மெயிலுக்கு தினமும் பயோடேட்டா என்ற பெயரில் அட்டாச்மென்ட் வரும். சிசிடிவி பெட்டியின் பாஸ்வேர்டு வாங்கிய அன்று இருந்ததாகவே இருக்கும். வைஃபை பாஸ்வேர்டு வாட்ச்மேனுக்கும் தெரியும். இவற்றில் ஒன்றில் நுழைந்தவனுக்கு மெஷின்கள் பக்கத்து அறை. ஜெர்மனியின் தகவல் பாதுகாப்பு அலுவலகம் 2014 அறிக்கையில் பெயர் சொல்லாமல் ஓர் எஃகு ஆலையைக் குறிப்பிட்டது. குறிவைத்து அனுப்பிய மெயிலில் தொடங்கி, ஆபீஸ் நெட்வொர்க்கில் நுழைந்து, அங்கிருந்து உற்பத்திப் பக்கத்துக்குப் போய்விட்டார்கள். கடைசியில் ஊதுலையை முறைப்படி நிறுத்த முடியாமல் பெரும் சேதம். 2017 மே மாதம் வானாக்ரை உலகைச் சுற்றியபோது ஒரகடத்தில் இருக்கும் ரெனோ-நிசான் ஆலையும் தப்பவில்லை. இந்த வழியைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றுமில்லை. ஏற்கெனவே இப்படித்தான் இருக்கிறது என்றால், கீழே சொல்லும் நான்காவது வழிக்கு மாறும் வரை அந்த 3389ஐயாவது இன்றைக்கு மூடுங்கள்.

மூன்றாவது வழி சிம் போட்ட கேட்வே. இதைப் பற்றித்தான் நிறைய குழப்பம்.

கன்ட்ரோல் பேனலுக்குள் டின் ரெயிலில் ஒரு சின்னப் பெட்டி. ஒரு பக்கம் பிஎல்சிக்கோ சிஎன்சிக்கோ கேபிள், இன்னொரு பக்கம் ஆன்டெனா. உள்ளே 4ஜி சிம். உங்கள் ஆபீஸ் நெட்வொர்க்கைத் தொடவே இல்லை என்பார் விற்பவர். உண்மைதான், இது நல்ல குணம். ஆபீஸில் ரான்சம்வேர் வந்தாலும் இந்த வழியாக மெஷினுக்குப் போகாது. பெட்டி தானாக வெளியே மட்டும் பேசினால், அதாவது எம்க்யூடிடி என்ற நெறிமுறை வழியாகக் குறியாக்கத்தோடு கிளவுடுக்கு அனுப்பிவிட்டு வெளியிலிருந்து வரும் எந்த அழைப்பையும் ஏற்காமல் இருந்தால், இரண்டாவது வழியைவிட இது எவ்வளவோ மேல்.

சிக்கல் அந்த 'இருந்தால்' என்பதில். சர்வீஸ் வசதிக்காகச் சில பெட்டிகளுக்குப் பொது ஐபி உள்ள சிம் போடுகிறார்கள். அப்படிப் போட்டால் உலகில் யார் வேண்டுமானாலும் அதன் கதவைத் தட்டலாம். 2023 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அலிகிப்பா ஊர் குடிநீர் நிலையத்தின் யூனிட்ரானிக்ஸ் பிஎல்சிக்குள் நுழைந்தார்கள். அந்த வகைக் கருவி இணையத்தில் திறந்து கிடந்தது, ஆலையிலிருந்து வரும்போதே அதற்கு இருந்த பாஸ்வேர்டு 1111. இதற்கு ஹேக்கிங் என்று பெயர் வைப்பதே கொஞ்சம் அதிகம். ஊழியர்கள் பம்பைக் கையால் இயக்கிச் சமாளித்தார்கள்.

ஆகவே கேட்வே விற்பவரிடம் கேட்க வேண்டியது டாஷ்போர்டின் கலர் பற்றி இல்லை. சிம்முக்குப் பொது ஐபியா, வெளியார் எட்ட முடியாத தனி மொபைல் பாதையா (ஏபிஎன்)? பெட்டி பிஎல்சியிலிருந்து படிக்க மட்டும் செய்யுமா, எழுதவும் செய்யுமா? உங்கள் இன்ஜினியர் அதன் வழியாக என் பிஎல்சிக்குள் வர முடியுமா, வந்தால் எனக்குத் தெரியுமா? பெட்டிக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேருக்கு அப்டேட்டை யார் போடுவார், எத்தனை வருஷத்துக்கு? பதிலை வாட்ஸ்அப்பில் இல்லாமல் லெட்டர்ஹெட்டில் கேளுங்கள். பாதிப் பேர் அங்கேயே தயங்குவார்கள்.

இன்னொரு விஷயம், இது ஹேக்கரே இல்லாத ஆபத்து. சைக்கிள் டைம், மெஷின் ஓடிய நேரம், ரிஜெக்‌ஷன் சதவீதம் இதெல்லாம் உங்கள் காஸ்டிங் ஷீட்டின் அடித்தளம். ஒரு பாகம் நாற்பது விநாடியில் முடிகிறது என்று கஸ்டமரின் பர்ச்சேஸ் ஆளுக்குத் தெரிந்தால் அடுத்த ரேட் பேச்சுவார்த்தை எப்படிப் போகும்? கஸ்டமரே சிபாரிசு செய்யும் கிளவுடு என்றால், அந்த டேட்டாவை யார் யார் பார்க்கலாம் என்பது ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். இதைச் சொன்னால்தான் முதலாளிகள் நிமிர்ந்து உட்கார்கிறார்கள். ரான்சம்வேர் என்று சொல்லும்போது காபி குடித்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

பெட்டிகள் பெருகுவது இந்த வழியின் மூன்றாவது குறை. கம்ப்ரஸர்காரர் ஒன்று மாட்டுவார், சிஎன்சி டீலர் ஒன்று, எனர்ஜி மானிட்டரிங் ஆள் ஒன்று, ஜெனரேட்டருக்கு ஒன்று. மூன்று வருஷத்தில் ஆலைக்கு எத்தனை கதவு என்று யாருக்கும் தெரியாது. கம்ப்ரஸர், ஜெனரேட்டர் மாதிரி தனியாக நிற்கும் கருவிகளுக்கு இது சரி. உற்பத்தி லைன் முழுவதையும் இதை நம்பி விடுவதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

நான்காவது வழி, தனி நெட்வொர்க். ஐஇசி 62443 என்ற சர்வதேசத் தர வரிசை சொல்வதன் சாரமும் இதுதான்: ஆலையை மண்டலங்களாகப் பிரி, மண்டலங்களுக்கு இடையே எது போகலாம் என்று எழுதிவைத்துவிட்டு மற்றதை அடை. நம் அளவுக்கு இது மூன்று மண்டலங்கள். ஷாப் ஃப்ளோரில் மெஷின்களும், அவற்றிலிருந்து டேட்டா திரட்டும் ஒரு கம்ப்யூட்டரும். ஆபீஸில் இஆர்பி, டாலி, மெயில். நடுவில் ஒரு சர்வர். திரட்டும் கம்ப்யூட்டர் மெஷின்களைக் கேட்டுக் கேட்டு டேட்டா வாங்கி நடு சர்வருக்குத் தள்ளும். ஆபீஸ் ஆட்களும் டாஷ்போர்டும் நடு சர்வரை மட்டும் பார்ப்பார்கள். ஆபீஸ் பக்கத்திலிருந்து மெஷினை நோக்கி ஓர் இணைப்பைக்கூடத் தொடங்க முடியாதபடி ஃபயர்வாலில் விதி இருக்கும். இதற்கு ஒரு ஃபயர்வால், ஒரு மேனேஜ்டு ஸ்விட்ச், இரண்டு சாதாரண கம்ப்யூட்டர் போதும். ஒரு சிஎன்சி மெஷினின் விலையோடு வைத்துப் பார்த்தால் சின்னத் தொகை.

இதன் பெரிய லாபம், பழைய விண்டோஸ் ஓடும் எச்எம்ஐயை மாற்றாமலேயே காப்பாற்றலாம். அதை அப்டேட் செய்ய முடியாது, செய்தால் மெஷின் மென்பொருள் ஓடாது, மெஷினை மாற்றவும் பணமில்லை. அது இணையத்தையும் மெயிலையும் பார்க்காத இடத்தில் இருந்தால் இன்னும் சில வருஷம் ஓட்டலாம்.

பிரிப்பு பலன் தருமா என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு சம்பவம் உண்டு. 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில் வைரஸ் என்று செய்தி பரவியது. அக்டோபர் 29 அன்று நிலையத் தரப்பு மறுத்தது. மறுநாளே, நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு சேர்ந்த நெட்வொர்க்கில் இருந்த ஒரு கம்ப்யூட்டரில் வைரஸ் இருந்தது உண்மை என்று அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அந்த நெட்வொர்க் முக்கிய உள் நெட்வொர்க்கிலிருந்து பிரிக்கப்பட்டிருந்ததால் நிலையத்தின் இயக்கம் பாதிக்கப்படவில்லை என்றது. மறுத்த விதத்தை விடுங்கள். நாம் பார்க்க வேண்டியது, ஆபீஸ் பக்கம் கெட்டபோது ஆலைப் பக்கம் ஓடிக்கொண்டிருந்தது என்பதை.

ஆனால் 'பிரித்தாச்சு சார்' என்று சொல்லப்படும் இடங்களில் பாதி உண்மையில் பிரிக்கப்பட்டவை இல்லை. நான் அடிக்கடி பார்ப்பது இது: ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு லேன் கார்டு. ஒன்றில் ஆபீஸ் கேபிள், மற்றதில் மெஷின் கேபிள். நடுவில் ஃபயர்வால் கிடையாது. அந்த கம்ப்யூட்டரில் சூப்பர்வைசர் மெயிலும் பார்ப்பார், யூடியூபும் ஓடும். ஐபி வரிசை வேறு வேறாக இருப்பதால் தனி நெட்வொர்க் என்று நம்புகிறார்கள். அந்த ஒரு கம்ப்யூட்டர் விழுந்தால் இரண்டு பக்கமும் திறந்துவிடும். ரிமோட் டெஸ்க்டாப்பில் அதற்குள் ஏறியவன் அங்கிருந்து மெஷின் பக்கம் போக வேறெதுவும் செய்யத் தேவையில்லை.

அடுத்தது, ஃபயர்வாலில் 'எல்லோரும் எல்லா இடத்துக்கும் போகலாம்' என்ற ஒற்றை விதி. இன்ஸ்டால் செய்த இரவு ஏதோ வேலை செய்யவில்லை, டெஸ்ட்டுக்காக அதைப் போட்டார்கள், வேலை செய்தது, வீட்டுக்குப் போய்விட்டார்கள். அது அப்படியே இருக்கும். மெஷின் டேட்டாவுக்கான ஓபிசி யுஏ மாதிரி பாதுகாப்பு உள்ள நெறிமுறையிலும் இதே கதை. அதில் கையொப்பம், குறியாக்கம் எல்லாம் உண்டு. சர்டிஃபிகேட் போடுவது தொல்லை என்று 'நன்' (None, அதாவது பாதுகாப்பு எதுவும் இல்லை) என்று வைத்துவிட்டுப் போவார்கள். புது மெஷின் வாங்கும்போது எம்டி கனெக்ட் கிடைத்தால் அதைக் கேளுங்கள். அது படிப்பதற்கென்றே வடிவமைத்த தரம் என்பதால், அதன் வழியாக மெஷினுக்கு எழுத வேலையே இல்லை.

இந்த வழிக்கு உண்மையான குறை இரண்டு. ஆபீஸிலிருந்து மெஷினுக்குப் புரோகிராம் அனுப்ப வேண்டும் என்றால் எதிர்த்திசையில் ஒரு பாதை தேவை. அதை நடு சர்வரில் ஒரு ஃபோல்டர் வைத்து, ஷாப் ஃப்ளோர் கம்ப்யூட்டர் அங்கே வந்து எடுத்துப் போகும்படி அமைக்கலாம். யாரும் உள்ளே தள்ளக் கூடாது, உள்ளிருப்பவர் வந்து எடுக்க வேண்டும். எடுக்கும் இடத்தில் ஸ்கேன் இருக்க வேண்டும். இரண்டாவது குறை ஆள். யாராவது ஒருவர் இதைப் பொறுப்பேற்க வேண்டும். மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியனுக்கு பிஎல்சி தெரியும், ஃபயர்வால் தெரியாது. கம்ப்யூட்டர் பராமரிப்பு ஒப்பந்தம் (ஏஎம்சி) எடுத்தவருக்கு ஃபயர்வால் தெரியும், பிஎல்சியை ஸ்கேன் செய்தால் அது தொங்கிப்போகும் என்று தெரியாது. இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைப்பதுதான் இந்த வழியின் பெரிய செலவு என்பேன்.

டேட்டா டயோடு என்ற கருவி பற்றியும் சிலர் கேட்பார்கள். ஒரு திசையில் மட்டுமே ஒளி போகும்படி வன்பொருளிலேயே அமைத்தது, திரும்பி வரவே முடியாது. மின் நிலையங்களுக்கு நல்லது. நமக்கு அந்தப் பணத்தை பேக்கப்பில் போடலாம்.

நான்கில் எதை எடுத்தாலும் அதோடு இன்னொரு முடிவும் சேர்ந்தே வருகிறது: மெஷின் விற்றவர் தூரத்திலிருந்து சர்வீஸ் செய்ய உள்ளே வருவது எப்படி? இதில் கோட்டைவிட்டால் ஃபயர்வாலில் போட்ட பணமெல்லாம் வாசலில் திண்டுக்கல் பூட்டு, கொல்லைக் கதவு திறந்தபடி என்ற கதைதான்.

தூரத்திலிருந்து கம்ப்யூட்டரை இயக்க உதவும், எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் எனிடெஸ்க் அல்லது டீம்வியூவர், மாறாத பாஸ்வேர்டு, அதை ஸ்கெட்ச் பேனாவில் எழுதி எச்எம்ஐயின் ஓரத்தில் ஒட்டியிருப்பது. இது மிக மலிவு, மிக மோசம். அந்த பாஸ்வேர்டு டீலரின் எல்லா கஸ்டமருக்கும் ஒன்றாகவே இருக்கும், வேலையை விட்டுப் போன இன்ஜினியருக்கும் தெரியும். இணையத்தின் ஊடே குறியாக்கத்தோடு தனிப் பாதை போடும் விபிஎன் இதைவிட மேல். ஆனால் விபிஎன் என்ற பெயர் மட்டும் காப்பாற்றாது. 2021 மே மாதம் அமெரிக்காவின் எரிபொருள் குழாய்க் கம்பெனியான கலோனியல் பைப்லைனுக்குள் ரான்சம்வேர் கும்பல் வந்தது, பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய விபிஎன் கணக்கு வழியாக. இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு அதற்குக் கிடையாது. குழாயை இயக்கும் கட்டுப்பாட்டுப் பக்கம் கெடவில்லை. ஆனால் ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் போனதும் கம்பெனியே முன்னெச்சரிக்கையாகக் குழாயை நிறுத்தியது, பெட்ரோல் பங்குகளில் வரிசை நின்றது.

நான் சிபாரிசு செய்வது, கேட்டால் திறக்கும் முறை. வழக்கமாக இணைப்பு அணைந்தே இருக்கும். மெஷின் நின்றால் டீலர் போன் செய்வார், மெயின்டனன்ஸ் ஆள் இணைப்பைத் திறப்பார், ஓடிபியோடு டீலர் உள்ளே வருவார், நடு சர்வர் வழியாக அந்த ஒரு மெஷினுக்கு மட்டும் போவார், முடிந்ததும் அணைக்கப்படும். சில கேட்வேக்களில் இதற்கென்றே சாவி ஸ்விட்ச் மாட்டும் வசதி உண்டு. சாவியைத் திருப்பினால்தான் ரிமோட் வேலை செய்யும். சாவி சூப்பர்வைசர் டிராயரில் இருக்கட்டும். இதைச் சொல்லும்போது பிஎல்சியில் இருக்கும் சாவியையும் பாருங்கள். 2017இல் சவுதியில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையின் பாதுகாப்புக் கன்ட்ரோலரை ட்ரைட்டன் என்ற தீநிரல் தாக்கியபோது, அந்த ட்ரைகோனெக்ஸ் கருவியின் சாவி புரோகிராம் நிலையிலேயே விடப்பட்டிருந்தது. ரன் நிலைக்குத் திருப்பி வைத்திருந்தால் தாக்குதலுக்குப் பெரிய தடை இருந்திருக்கும். செலவு எதுவும் இல்லாத வேலை இது.

எல்லாவற்றையும் மீறி ஒரு நாள் ஆபீஸ் முழுக்கப் பூட்டிக்கொண்டால், எந்த வழியில் இருப்பவர் சீக்கிரம் எழுந்து நிற்பார் என்பதும் ஒப்பீட்டில் சேர வேண்டும். நார்வேயின் அலுமினிய கம்பெனி நார்ஸ்க் ஹைட்ரோவை 2019 மார்ச்சில் லாக்கர்கோகா என்ற ரான்சம்வேர் தாக்கியது. 40 நாடுகளில் 35,000 பேர் வேலை செய்யும் கம்பெனி. நம்பிக்கையான கஸ்டமரிடமிருந்து வந்த மெயில் அட்டாச்மென்ட்டில் தொடங்கியது அது. பணம் கொடுக்க மறுத்தார்கள். அச்சடித்து வைத்திருந்த ஆர்டர் விவரங்களை வைத்துக் கையால் மெஷினை ஓட்டினார்கள், ஓய்வு பெற்ற ஊழியர்கள் வந்து உதவினார்கள், பேக்கப்பிலிருந்து மீண்டார்கள். பேக்கப் கெடாமல் இருந்ததுதான் அவர்கள் வலிமை.

நம் ஆலைகளில் பேக்கப் என்றால் டாலி பேக்கப். மெஷினை யாரும் நினைப்பதில்லை. பல ஃபானுக் கன்ட்ரோலர்களில் பாராமீட்டர், ஆஃப்செட், புரோகிராம் எல்லாம் பேட்டரியை நம்பி இருக்கும் எஸ்ராம் நினைவகத்தில் இருக்கின்றன. அந்த பேட்டரி தீர்ந்துபோனாலே, ஹேக்கர் இல்லாமலேயே, மெஷின் எல்லாவற்றையும் மறந்துவிடும். எஸ்ராம் பேக்கப்பை மெமரி கார்டில் எடுத்து, மெஷின் நம்பர் எழுதிப் பீரோவில் வைத்திருக்கும் ஆலைகள் கொஞ்சம்தான். பிஎல்சி புரோகிராமின் காப்பி உங்களிடம் இருக்கிறதா, மெஷின் செய்தவரிடம் மட்டும் இருக்கிறதா? அவர் கடையை மூடியிருந்தால்? ஒரு காப்பி நெட்வொர்க்கோடு சேராத இடத்தில் இருக்க வேண்டும், வருஷத்துக்கு ஒரு தடவை அதைத் திரும்ப ஏற்றிப் பார்க்க வேண்டும்.

கஸ்டமர் பக்கம் விழுந்தால் என்ன ஆகும் என்பதும் கணக்கில் உண்டு. டாடா குழுமத்தின் ஜாகுவார் லேண்ட் ரோவர் 2025 செப்டம்பர் தொடக்கத்தில் தாக்கப்பட்டு, அக்டோபர் 8இல்தான் படிப்படியாக உற்பத்தியைத் தொடங்கியது. பிரிட்டனின் சைபர் மானிட்டரிங் சென்டர் இழப்பை 190 கோடி பவுண்டு என்றும், பாதிக்கப்பட்ட நிறுவனங்கள் 5,000க்கு மேல் என்றும் மதிப்பிட்டது. அதில் பெரும்பாலானவை எந்தத் தப்பும் செய்யாத சப்ளையர்களும் டீலர்களும். இதற்கு ஃபயர்வால் உதவாது, கையில் இருக்கும் ரொக்கம்தான் உதவும்.

சட்டமும் ஒன்று இருக்கிறது. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவுப்படி, குறிப்பிட்ட வகைத் தாக்குதல்களைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், லாக் பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும். ஆபீஸ் லேனில் எல்லாம் கலந்து கிடந்தால் லாக் என்று காட்ட எதுவும் இருக்காது. ஃபயர்வால் இருந்தால் குறைந்தபட்சம் அதுவாவது எழுதி வைத்திருக்கும்.

ஆக என் தீர்ப்பு இது. பத்து மெஷினுக்குள் என்றால் ஒழுங்கான பென்டிரைவ் முறை. அதற்கு மேல், கஸ்டமர் டேட்டா கேட்கிறார் என்றால் நான்காவது வழி. எல்லா மெஷினையும் ஒரே நாளில் கொண்டுவர வேண்டியதில்லை, நெருக்கடியான லைனில் ஆரம்பிக்கலாம். கம்ப்ரஸருக்கும் ஜெனரேட்டருக்கும் கேட்வே பெட்டி போகட்டும், படிக்க மட்டும் என்ற நிபந்தனையோடு. இரண்டாவது வழி யாருக்கும் வேண்டாம்.

புது மெஷினுக்கு ஆர்டர் போடும் நேரம்தான் உங்கள் கை ஓங்கியிருக்கும் ஒரே நேரம். 'ரிமோட் தரவில்லை என்றால் வாரன்டி கிடையாது' என்று டீலர் சொல்வார். தருகிறோம், நாங்கள் திறக்கும்போது மட்டும் என்று பர்ச்சேஸ் ஆர்டரில் எழுதுங்கள். பிஎல்சி புரோகிராம் காப்பி, பாராமீட்டர் பேக்கப், எல்லா பாஸ்வேர்டுகள், எந்தெந்த போர்ட் தேவை என்ற பட்டியல் இவை நான்கும் கமிஷனிங்கின்போதே கைக்கு வர வேண்டும் என்றும் சேருங்கள். கடைசித் தவணையை அதுவரை நிறுத்தி வையுங்கள். கமிஷனிங் முடிந்து முழுப் பணமும் போன பிறகு கேட்டால், அந்த இன்ஜினியர் அடுத்த சைட்டில் இருப்பார்.